துண்டு போட்ட நாற்காலிகள்

போன மாதம் சித்தூரிலிருந்து சுகுணா போன் செய்தாள். திருப்பதியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் நான் அட்டெண்டராக இருந்தபோது இரண்டு வருஷம் என்னோடு ஒப்பந்த வேலையில் இருந்தவள். புத்தூர்க்காரி, வீட்டில் தமிழ்தான். இப்போது சித்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறாள்.

"அக்கா, இங்கயும் ரீடிங் ஹாலை மாத்தப் போறாங்கோ. மாடர்ன் லேர்னிங் ஸ்பேஸாம். எந்த சீட்ல ஆள் உக்கார்றாங்கோ, எந்த சீட் காலியா கீதுன்னு எண்ணச் சொல்லி ஒரு ஷீட் குடுத்துக்கீறாங்கோ. மாடலுக்குன்னு நம்ப திருப்பதி லைப்ரரில போட்ட ஷீட்டோட ஜெராக்ஸும் குடுத்தாங்கோ. பாத்தா உன் கையெழுத்துக்கா! கீழ மல்லிகான்னு சைன் போட்டுக்கீறே."

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"அக்கா? லைன்ல கீறியா?"

"கீறேன்."

"எப்டி எண்றதுன்னு கொஞ்சம் சொல்லுக்கா. நீ போட்ட மாதிரியே போடணும்னு சார் சொல்லிட்டாரு."

அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. போனில்கூட நினைத்ததைச் சொல்ல வராது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவளுடைய எழுத்து, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் அந்த நூலகத்தில் அட்டெண்டராக இருந்தார். அவர் தவறிய பிறகு கருணை அடிப்படையில் வேலை எனக்கு வந்தது. நான் நகரியில் தறி ஓட்டுகிற வீட்டில் பிறந்து தமிழ் மீடியத்தில் படித்தவள். தெலுங்கு நன்றாகப் பேசுவேன். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவேன். எழுதச் சொன்னால் கை வியர்க்கும். முதல் இரண்டு வருஷம் தூசி தட்டுவதிலும், புத்தகத்தின் முதுகில் ஒட்டிய நம்பரைப் பார்த்து அடுக்குவதிலும் போய்விட்டது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது ராமநாதம் சாரைப் பற்றி. அவர் உதவி நூலகர். கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் தணியும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பச்சை மசிப் பேனாவும், இழுத்தால் நீளுகிற ஒரு டேப்பும் இருக்கும். டீ வந்தால் எங்களுக்கு ஊற்றிய பிறகுதான் தன் கப்பை எடுப்பார். துப்புரவு செய்கிறவர்களைக்கூட நீங்கள் என்றுதான் கூப்பிடுவார். அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை, "ஆதாரம் வேணும் மல்லிகம்மா."

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் புத்தகச் சரிபார்ப்பு நடந்தது. ரேக் ரேக்காகப் போய், பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு புத்தகமும் இருக்கிறதா என்று பார்த்து டிக் போட வேண்டும். இல்லாவிட்டால் கோடு. ஒரு ரேக்கில் ஆறு புத்தகம் இல்லை. ஆனால் அவை பைண்டிங் அறையில் இருப்பது எனக்குத் தெரியும், நானே கொண்டுபோய்க் கொடுத்தவை. அதனால் ஆறுக்கும் டிக் போட்டேன். சாயந்திரம் சார் என்னை அந்த ரேக்குக்குக் கூட்டிப் போனார். பட்டியலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். "இது எங்கே? இது?" பைண்டிங்கில் என்றேன். "உங்களுக்குத் தெரியும். பட்டியலுக்குத் தெரியாது. கண்ணுக்கு முன்னால இருந்தா டிக். இல்லன்னா கோடு. மனசுல இருக்கிறதை எழுதக் கூடாதும்மா." அந்தப் பகுதி முழுவதையும் மறுபடி எண்ண வைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு நான் கண்ணால் பார்த்ததைத் தவிர எதையும் எழுதியதில்லை. அதற்காக எனக்கு நல்ல பேர் இருந்தது.

ரீடிங் ஹால் முதல் மாடியில். இருநூற்று நாற்பது நாற்காலிகள், பத்து வரிசை. அதை ஒரு சொர்க்கம் போல நான் சொல்லப் போவதில்லை. வெயில் காலத்தில் கூரை இறங்கி வந்து தலையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். மழை பெய்தால் மேற்கு ஓரத்தில் வாளி வைப்போம். பிளக் பாயின்ட் மொத்தம் ஏழு, அதில் மூன்று வேலை செய்யாது. ஆனால் காலை எட்டரைக்குக் கதவைத் திறக்கும்போது படிக்கட்டு நிறைய ஆட்கள் நிற்பார்கள். பாதிப் பேர் படிப்பை முடித்தவர்கள். முன்னாள் மாணவர் கார்டு வாங்கிக்கொண்டு டீச்சர் வேலைக்கும், கான்ஸ்டபிள் வேலைக்கும், குரூப் பரீட்சைக்கும் படிக்க வருகிறவர்கள். கார்வேட்டிநகரம், வெதுருகுப்பம், பலமனேர் என்று பல ஊர்க்காரர்கள். நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த ஒற்றை அறையில் இருப்பார்கள். அங்கே படுக்கத்தான் முடியும், படிக்க முடியாது.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, நாற்காலியில் ஒரு பொருளை வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் அவர்களுடையது. துண்டு, கைக்குட்டை, டிபன் டப்பா, குப்புறக் கவிழ்த்த கைடு, எதுவானாலும் சரி. யாரும் தொட மாட்டார்கள். மூன்று மணி தாண்டியும் ஆள் வராவிட்டால் பொருளை ஜன்னல் மேல் எடுத்து வைத்துவிட்டு அடுத்த ஆள் உட்காரலாம். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒருவன் தினமும் பழைய ஷூ ஒன்றை மட்டும் வைத்துவிட்டுப் போவான். "இன்னொரு ஷூ எங்கேடா?" என்று கேட்டேன். "ரூம்ல கீதுக்கா. ஒத்த ஷூவை எவன் திருடுவான்?" என்றான்.

எங்கே போவார்கள் என்றால், பன்னிரண்டரைக்கு மேல் கோயில் அன்னதானத்துக்கு. வரிசையில் நின்று சாப்பிட்டுத் திரும்ப இரண்டு, இரண்டரை ஆகிவிடும். சாயந்திரம் நாலு மணிக்குக் கான்ஸ்டபிள் பையன்கள் மைதானத்துக்கு ஓடப் போவார்கள். அந்த நேரத்தில்தான் ஹாஸ்டல்களில் தண்ணீர் விடுவார்கள் என்பதால் பெண்கள் போய்ப் பிடித்து வைத்துவிட்டு வருவார்கள். ஐந்தரைக்கு ஹால் மறுபடி நிறையும். எட்டு மணிக்கு மூடுகிற வரைக்கும் பேனா சத்தம்தான்.

ஆறாவது வரிசையில் தூண் ஓரம் ஏழாவது நாற்காலி பிரமீளாவுடையது. வெதுருகுப்பத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். பி.எட். முடித்து டீச்சர் பரீட்சை இரண்டு முறை எழுதித் தவறியவள். "அப்பா சொல்லிட்டாருக்கா, இதான் கடைசி. இதுல வரலன்னா கல்யாணம்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவள் நாற்காலியில் பச்சைக் கட்டம் போட்ட துண்டு கிடக்கும். தூணில் சாய்ந்துகொண்டு உதடு மட்டும் அசையப் படிப்பாள். நானும் அதிகம் பேச மாட்டேன், அவளும் பேச மாட்டாள். அதனால்தானோ என்னவோ, என்னிடம் பேசினாள்.

அந்த ஹாலை மாற்ற அனுமதி வந்தது. ராமநாதம் சார் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ஏழெட்டு வருஷமாக எழுதி எழுதிக் கேட்டது அவர்தான். ஒவ்வொரு சீட்டுக்கும் பிளக் வேண்டும், கண் கூசாத விளக்கு வேண்டும் என்று தனி நோட்டில் எழுதி வைத்திருந்தார். டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து ஹால் முழுக்க அளந்தார். என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பின்னால் தள்ளச் சொல்லி, எனக்குப் பின்னால் தான் நடந்து பார்த்தார். "பொண்ணுங்க துப்பட்டா நாற்காலியில மாட்டாம போக முடியணும்" என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். முழங்காலில் உட்கார்ந்து கோடு போட்ட அதிகாரியை நான் அங்கே வேறு பார்த்ததில்லை. கெட்ட எண்ணம் யாருக்கும் இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

பிளான் போடுகிறவர் பெங்களூரிலிருந்து வந்தார். எந்த இடத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு வேண்டும் என்றார். சார் ஒரு ஷீட் தயாரித்தார். இருநூற்று நாற்பது கட்டம். ஒன்பது, பதினொன்று, ஒன்று, நாலு என்று தினம் நாலு தடவை சுற்றி வர வேண்டும். ஆள் இருந்தால் ஒன்று. இல்லாவிட்டால் சைபர். பன்னிரண்டு நாள். ஷீட்டின் வலது ஓரத்தில் நீளமாக ஒரு பத்தி, அதன் தலையில் ரிமார்க்ஸ் என்று அச்சடித்திருந்தது. "மல்லிகம்மா எண்ணட்டும். அவங்க எண்ணினா நான் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை" என்றார் சார்.

முதல் நாள் ஒரு மணி சுற்றில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹாலில் அறுபது பேர்கூட இல்லை. ஆனால் காலியான நாற்காலி என்று பார்த்தால் பத்து தேறாது. எல்லாவற்றிலும் துண்டும் டப்பாவும் கைடும் கிடந்தன. ஒன்று போடுவதா, சைபர் போடுவதா?

சார் அறைக்குப் போனேன். பெங்களூர்க்காரரும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கதவருகே நின்று, "சார், ஆள் இல்ல, துண்டு இருந்தா?" என்று தெலுங்கில் கேட்டேன். அவ்வளவுதான் எனக்குக் கேட்க வந்தது.

சார் சிரித்தார். "துண்டு படிக்குமா மல்லிகம்மா?"

எல்லாரும் சிரித்தார்கள். கேலியாக இல்லை, சாதாரணமாகத்தான். எனக்குக் காது சுட்டது. நானும் சிரித்துவிட்டு வந்தேன். துண்டு போட்டவர்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள், இரண்டரைக்கு வந்துவிடுவார்கள், ஒரு மணிக்குப் பதில் மூன்று மணிக்கு எண்ணலாம், நாலுக்குப் பதில் ஆறுக்கு எண்ணலாம் என்றெல்லாம் படிக்கட்டில் இறங்கும்போது வரிசையாக வந்தது. திரும்பப் போகவில்லை. கண்ணுக்கு முன்னால் இருந்தால் டிக், இல்லாவிட்டால் கோடு. சைபர் போட்டேன்.

ரிமார்க்ஸ் பத்தியில் ஒரு வரி எழுதியிருக்கலாம். பன்னிரண்டு நாளும் பேனாவை அங்கே கொண்டுபோனேன். தெலுங்கில் எழுதினால் எழுத்து தப்பாகிவிடும், அதை எல்லாரும் பார்ப்பார்கள். தமிழில் எழுதினால் இது என்ன என்று கேட்பார்கள். பன்னிரண்டு ஷீட்டிலும் அந்தப் பத்தி வெள்ளையாகவே போனது. ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்து.

கூட்டம் நடந்த நாள் நான் கதவோரம் நின்றிருந்தேன். பெங்களூர்க்காரர் சுவரில் ஹாலின் படத்தைக் காட்டினார். நாலு சுற்றிலும் ஆள் இருந்த இடம் சிவப்பு, மத்தியானமும் சாயந்திரமும் மட்டும் ஆள் இல்லாத இடம்கூட நீலம். ஹால் பெரும்பாலும் நீலமாக இருந்தது. தூண் ஓரம் ஏழாவது நாற்காலி நல்ல நீலம். இவ்வளவு நாற்காலி தேவையே இல்லை, இந்தக் காலத்து மாணவர்கள் வரிசையாக உட்காருவதை விரும்புவதில்லை, கூடிப் பேசித்தான் படிக்கிறார்கள் என்று விளக்கினார். புது பிளானில் தொண்ணூறு இடம். வட்ட மேஜை, சோபா, கண்ணாடி அறைகள். கண்ணாடி அறையைப் போனில் முன்பதிவு செய்ய வேண்டும், அதற்கு இந்த வருஷத்து மாணவர் நம்பர் வேண்டும். இடம் குறைவதால் முன்னாள் மாணவர் கார்டு கிடையாது.

சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தொண்ணூறு ரொம்பக் குறைச்சல் இல்லையா?" என்று கேட்டார். "உங்க டேட்டாதான் சார்" என்றார் அவர். சார் என் பக்கம் திரும்பினார்.

"மல்லிகம்மா, கணக்கு சரிதானே?"

இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். கணக்கு சரிதான். நான் பார்த்ததைத்தான் எழுதினேன். தலையை ஆட்டினேன்.

சார் பச்சை மசியில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பிரமீளா கவுன்ட்டருக்கு வந்தாள். "ஹாலை மாத்தறாங்களாமே. எங்களுக்கு எடம் இருக்குமாக்கா?"

"இருக்கும்மா" என்றேன்.

"பரீட்சைக்கு நாலு மாசந்தான்க்கா கீது. அதுவரைக்கும் இருந்தா போதும்."

"இருக்கும். நீ படி."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். இல்லை என்று சொல்ல ஒரு காரணமும் சொல்ல வேண்டும். காரணம் நான்.

பத்து நாளில் ஹாலைக் காலி செய்தார்கள். நாற்காலிகளை வண்டியில் ஏற்றும்போது பிரமீளா படிக்கட்டில் நின்று பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தாள். மேலே டைல்ஸ் அறுக்கிற மிஷின் சத்தம், கீழே போகிறவர் வருகிறவர் கால். வாட்ச்மேன், "ஏமம்மா, இது தாரி, வழியை மறைச்சிக்கினு உக்காந்தா எப்படி?" என்று விரட்டுவான். அவள் எழுந்து சுவரோரம் நின்று படிப்பாள். அவன் போனதும் உட்காருவாள். நான் அவளைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். தினமும் புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனேன். சில நாள் கழித்து அவள் வரவில்லை.

புது ஹால் அழகாக இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். ஏ.சி., கண் கூசாத விளக்கு, எல்லா இடத்திலும் பிளக். சார் கேட்டதெல்லாம் வந்தது. மாணவர்களும் வந்தார்கள், சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து போன் பார்த்தார்கள், சிலர் படித்தார்கள். யாரும் எதன் மேலும் துண்டு போடவில்லை. விட்டுப்போன பொருளை உடனே எடுத்துவிட வேண்டும் என்று செக்யூரிட்டிக்கு உத்தரவு. காலை எட்டரைக்குப் படிக்கட்டில் யாரும் நிற்கவில்லை. சார் சில நாள் அந்தப் படிக்கட்டின் மேல் நின்று கீழே பார்ப்பார். "அவங்கல்லாம் எங்க போனாங்க மல்லிகம்மா?" என்று ஒரு தடவை கேட்டார். "தெரியலை சார்" என்றேன். அடுத்த வருஷம் அவர் ஓய்வு பெற்றார். முழங்கால் வலி என்று எழுதிக் கொடுத்து நானும் விருப்ப ஓய்வில் வந்துவிட்டேன். முழங்காலில் வலி இருந்தது உண்மைதான்.

பிரமீளாவை ஒரே ஒரு தடவை பார்த்தேன், சித்தூர் பஸ் ஸ்டாண்டில். கையில் கைக்குழந்தை, பலமனேர் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். வீட்டுக்காரர் அங்கே தக்காளி மண்டியில் வேலையாம். "பரீட்சை எழுதுனியாம்மா?" என்று கேட்டேன். "எழுதுனேன்க்கா. கொஞ்சத்துல போச்சு" என்று சிரித்தாள். "விடுக்கா. நீ துன்னியா? மொகம் வாடிக் கீது." பஸ் வந்ததும் ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் குழந்தையின் துணியைப் போட்டு இடம் பிடித்தாள். ஹால் இருந்திருந்தால் அவள் பாஸாகியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கும்.

இதையெல்லாம் சுகுணாவிடம் போனில் சொல்ல முடியாது என்று போன வாரம் சித்தூருக்கு பஸ் ஏறினேன். கூட வேலை செய்தவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்றால் இந்த ஒரு தடவையாவது வாயைத் திறக்க வேண்டும். பஸ்ஸில் என்ன சொல்வதென்று தெலுங்கில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

சுகுணா என்னை அவளுடைய நூலகரிடம் கூட்டிப் போனாள். சின்ன வயசுக்காரர், மரியாதையாக நாற்காலி போட்டார். நான் சொன்னேன். துண்டு, அன்னதானம், ஹாஸ்டல் தண்ணீர், மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் எண்ண வேண்டும், ரிமார்க்ஸ் எழுத வேண்டும், எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வரிசையிலேயே சொல்லி முடித்தேன். என் வாழ்க்கையில் ஒரு அதிகாரி முன்னால் அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை.

அவர் முழுக்கக் கேட்டார். "நல்ல பாயின்ட்டும்மா" என்றார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிளானை எடுத்துப் பிரித்துக் காட்டினார். வட்ட மேஜை, சோபா, கண்ணாடி அறை. சீல் அடித்துக் கையெழுத்தாகியிருந்தது. "பிளான் போன மாசமே பாஸாயிடுச்சு. எண்றது ஃபைலுக்குத்தாம்மா. ஃபைல்ல ஒரு ஷீட் இருக்கணும்."

வெளியே வந்ததும் சுகுணா என் கையைப் பிடித்தாள். "உடுக்கா. நீ வந்து சொன்னியே, அதுவே பெருசு."

திருப்பதியிலும் அப்படித்தான் இருந்ததா? அந்தப் பன்னிரண்டு நாளும் நான் எண்ணியது ஃபைலுக்குத்தானா? ரிமார்க்ஸில் ஒரு வரி எழுதியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதா? ஆகியிருக்காது என்று நினைத்தால் மனசு லேசாக வேண்டும். ஆகவில்லை. இத்தனை வருஷம் சுமந்த குற்றமாவது என்னுடையதாக இருந்தது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சுகுணாவின் ரீடிங் ஹாலில் போய் உட்கார்ந்தேன். மணி ஒன்று தாண்டியிருந்தது. அங்கேயும் ஆள் குறைவு. நாற்காலிகளில் கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், ஒரு குடை. சுகுணா அட்டையோடு வந்தாள். என்னைப் பார்க்காமல் வரிசையாகப் போட்டுக்கொண்டே போனாள். சைபர், சைபர், சைபர். நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு வந்ததும் கொஞ்சம் நின்று ஒன்று போட்டாள்.

இரண்டரைக்கு எல்லாரும் திரும்பி வர ஆரம்பித்தார்கள். ஒரு பெண் என் முன்னால் வந்து தயங்கி நின்றாள். கையில் ஈரம் காயவில்லை.

"ஆன்ட்டி, இது என் சீட்டு. அதோ, என் கர்ச்சீப்."

பார்த்தால் கைக்குட்டை என் முதுகுக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்தது. கவனிக்காமல் அதன் மேலேயே சாய்ந்திருக்கிறேன். எழுந்து, அதை உதறி மடித்து அவள் கையில் கொடுத்தேன். அவள் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். டீச்சர் பரீட்சைக்கான கைடு.

"எப்போம்மா பரீட்சை?" என்று கேட்டேன்.

"இன்னும் அஞ்சு மாசம் கீது ஆன்ட்டி. ஹால் அதுவரைக்கும் இருக்கும் இல்ல?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பையை எடுத்துக்கொண்டேன்.

"இருக்கும்மா. நீ படி" என்றேன்.